இருபது முகக் கண்ணாடி

வாசகப் பெருமக்களுக்கு வணக்கம். இதற்குமுன் அலுவலக விடுப்பு விண்ணப்பத்தைத் தவிர வேறெதையும் எழுதியறியாத ஒருவர், கதை என்று ஒன்றை உங்கள் முன் வைப்பது குருவி தலையில் பனங்காய் வைப்பதற்கு ஒப்பாகும். பிழை பொறுக்க வேண்டுகிறேன். இதில் இரத்தம் வருகிறது. அதைத் தொடாமல் கடந்துவிடப் பலவாறு முயன்றும் இயலவில்லை. அதற்கும் சேர்த்து இப்போதே மன்னிப்புக் கோரித் தொடங்குகிறேன்.

ஞாயிற்றுக்கிழமைகளில் அந்த நால்வரும் கொலை செய்தார்கள். மற்ற நாள்களில் அவர்கள் மிக நல்லவர்கள். ஒருவர் மருந்துக்கடை வைத்திருந்தார். ஒருவர் பேருந்து ஓட்டினார். தொண்டை பெரிது என்பதால் அவருக்கு ‘ஹாரன்’ என்று பெயர். மற்ற இருவர் அக்காவும் தங்கையும். அக்கா வீட்டிலிருந்தபடியே ஹெட்போன் மாட்டிக்கொண்டு, பார்சல் வந்துசேராதவர்களின் வசவுகளைத் தொலைபேசியில் வாங்கிக்கொள்ளும் வேலையில் இருந்தாள். தங்கை ஒரு ஸ்கேன் சென்டரில் எக்ஸ்ரே எடுப்பவள்.

நால்வரும் நான்கு வீடுகளில் இருந்தார்கள். நடுவில் மேசை என்று எதுவும் கிடையாது. கணினித் திரையில் ஒரு வரைபடம், அதன்மேல் நகரும் சிறு வில்லைகள், அவ்வளவுதான் மேசை. மருந்துக்கடைக்காரர் கதையை நடத்துவார். இதோ பாலம், இதோ பள்ளம், இதோ உங்களைக் கொல்ல வருகிறவர்கள் என்பார். மற்ற மூவரும் வீரர்களாக மாறி எதிர்த்து நிற்பார்கள். ஓங்கிய ஆயுதம் பட்டதா, தவறியதா என்பதை இருபது முகமுள்ள பகடை சொல்லும். இவை அனைத்தையும் தங்கை நேரலையில் ஒளிபரப்பினாள். சில ஆயிரம் பேர் தவறாமல் பார்த்தார்கள்.

மருந்துக்கடைக்காரர் வாரமெல்லாம் இருமலுக்கும் வயிற்றுப்போக்குக்கும் மருந்து எடுத்துக் கொடுப்பவர். அதனாலோ என்னவோ, எந்த நரம்பை வெட்டினால் இரத்தம் எவ்வளவு உயரம் பீறிடும் என்பதைப் பண்டிதரின் நிதானத்தோடு விவரிப்பார். கேட்பவர்க்குக் காதைப் பொத்திக்கொள்ளத் தோன்றும்; ஆயினும் மனம் வராது.

அக்காவின் வீராங்கனைக்குச் செங்கோடரி என்று பெயர். கோடரியை ஓங்குமுன் தன் வேலையிடத்துக் குரலில், “காத்திருந்ததுக்கு நன்றி. உங்க குறைய இப்பவே தீர்த்து வைக்கிறோம்” என்பாள். பிறகு வெட்டுவாள். அந்த ஒரு வாக்கியத்தைக் கேட்பதற்காகவே நேரலைக்கு வருபவர்கள் உண்டு. தங்கையின் வில்லாளி எப்போதும் உயரத்தில் நின்று அக்காவின் முதுகைக் காப்பாள். ஒவ்வொரு போரிலும் ஒருமுறையேனும், “அக்கா, பின்னாடி!” என்று அலறுவாள். அக்கா திரும்பியும் பாராமல், “வரட்டும்டி, வரிசையில நிக்கச் சொல்லு” என்பாள். பார்ப்பவர்கள் விழுந்து விழுந்து சிரிப்பார்கள்.

அந்த மேசைக்கு இரண்டு விதிகள் இருந்தன. கணினியே உருட்டிக்கொள்ளும் பகடையை எவன் நம்புவான் என்பது ஹாரனின் கட்சி. ஆகவே அவரவர் வீட்டில் அவரவர் கையால் உண்மைப் பகடையை உருட்ட வேண்டும்; முக்கியமான உருட்டலில் அதைக் கேமராவுக்கு அருகே பிடித்து எண்ணைக் காட்ட வேண்டும். மற்றொன்று, விளையாட்டுக்குள் யார் என்ன அலறினாலும் அது விளையாட்டே. உண்மையிலேயே நிறுத்த வேண்டுமானால் இரு கைகளையும் நெஞ்சுக்கு முன்னே பெருக்கல் குறிபோல் குறுக்கே பிடிக்க வேண்டும். குறுக்குக் கையைக் கண்டால் ஓங்கிய வாள் அந்தரத்திலேயே நிற்கும். ஹாரனின் அடுப்பில் பால் பொங்கியபோது அப்படி நின்றிருக்கிறது. நேரலையின் பழைய இரசிகர்களுக்கும் அந்தக் குறி மனப்பாடம்.

அக்கா முகத்தில் முக்கால் பாகத்தை மறைக்கும் செம்பு நிற முகமூடி அணிந்திருப்பாள். பார்ப்பவர்கள் அதைச் செங்கோடரியின் வேடம் என்று எண்ணினார்கள். அவள் அதை அணிந்ததன் காரணம் வேறு.

ஈராண்டுகளுக்கு முன் ஒரு நண்பகலில், துண்டால் கழுத்தோடு கையைக் கட்டிக்கொண்டு ஒரு பெண் ஸ்கேன் சென்டருக்கு வந்தாள். தங்கை நிமிர்ந்து பார்த்தாள். வந்தவள் தன் அக்கா. வெளியே வரவேற்பறையில் அத்தான் உட்கார்ந்திருந்தான். இரும்புப் பட்டறை உரிமையாளன். வாயிற்கதவு, மாடிப்படி, கைப்பிடி எல்லாம் செய்து, எஃகை முகம் பார்க்குமளவு மெருகேற்றித் தருவதில் பெயர்பெற்றவன். (அவனை ‘அவர்’ என்று எழுதும் பண்பை என்னால் காக்க இயலவில்லை, பொறுத்தருள்க.) “படியில விழுந்துட்டா. கண்ணு பிடரியில இருக்கு போல” என்று அங்கிருந்தோர் அனைவருக்கும் கேட்கும்படி சொல்லிச் சிரித்துக்கொண்டிருந்தான்.

தங்கை உள்ளே கையைத் தட்டின்மேல் வைத்து, எல்லாரிடமும் சொல்வதையே அக்காவிடமும் சொன்னாள். “மூச்ச அடக்கு. அசையாத.”

படம் திரையில் வந்தது. விழுகிறவர்கள் கையை ஊன்றுவார்கள், மணிக்கட்டு முறியும். சுண்டுவிரல் பக்கத்து எலும்பு மட்டும் முன்கையின் நடுவே குறுக்காக முறிந்திருந்தால், பெரும்பாலும் அது ஊன்றிய கை அன்று. தலைமேல் இறங்கும் ஒன்றைத் தடுக்கத் தூக்கிய கை. அந்த முறிவுக்குச் சற்றுக் கீழே, கூடிப்போன பழைய முறிவு ஒன்றும் தெரிந்தது.

“என்னடி தெரியுது?” என்றாள் அக்கா.

“எல்லாம் தெரியுது.”

அக்கா கதவைப் பார்த்தாள். “அவரு வெளிய உக்காந்திருக்காரு.”

“உக்காந்திருக்கட்டும். இந்தப் பக்கம் இன்னொரு கதவு இருக்கு.”

ஊழியர்கள் குப்பை கொண்டுபோகும் வழியாக, கட்டுக்கூடப் போடாத கையோடு தங்கை அக்காவை வெளியேற்றினாள். அவன் மாலைவரை அந்த நாற்காலியிலேயே காத்திருந்தான். மறுநாள் தங்கையின் வீட்டு ஜன்னல்கள் ஒன்றுவிடாமல் நொறுங்கின. “நாய்க்கு எங்க போனாலும் கழுத்துப் பட்டை என்னுது. கண்டுபிடிப்பேன்” என்று தெருவில் நின்று கத்திவிட்டுப் போனான். புகார், விசாரணை, எச்சரிக்கை எல்லாம் முறைப்படி நடந்தன. அக்கா நகரத்தின் மறுகோடியில் ஒரு மூன்றாவது மாடி வீட்டில் ஒளிந்தாள். அந்த முகவரி தங்கை ஒருத்திக்கே தெரியும். கட்டுப் போடத் தாமதமானதால் எலும்பு கோணலாகக் கூடியது. முன்கையின் நடுவே ஒரு முண்டு நின்றுவிட்டது.

விளையாட்டில்தான் அக்காவுக்கு உயிர் திரும்பியது. முதல் தடவை கோடரியால் ஒருவனைப் பிளந்துவிட்டு, அவள் கண்ணில் நீர்வரச் சிரித்ததைத் தங்கை கேட்டாள். அந்தச் சிரிப்புக்காக எதையும் செய்யலாம் என்று அவளுக்குத் தோன்றியது.

அவள் செய்தது, படத்தைத் தெளிவாக்கியதுதான்.

அதுவரை நேரலையின் படம் கஞ்சிபோல் இருந்தது. பகடையைக் காட்டினால், “அது பதினேழா, பல்லியா?” என்று கேட்டார்கள். செங்கோடரிக்கு இரண்டு முறை தொடர்ந்து இருபது விழுந்தபோது, “மங்கலா இருந்தா எல்லார்க்கும் இருபதுதான்” என்று ஒருவர் எழுத, அக்கா அன்று முழுதும் முகம் வாடியிருந்தாள். தங்கைக்கு அது பொறுக்கவில்லை. மங்கிய படத்தை மருத்துவர் மேசைக்கு அனுப்பியவள் என்ற பெயரை அவள் ஒருநாளும் வாங்கியதில்லை.

நல்ல கேமரா வந்தது. இணையம் கேபிள் வழியே வந்தது. பின்னணியில் ஒட்டியிருந்த பொய்க் கோட்டைப் படம், கையை அசைத்தால் விரல்களை விழுங்கிற்று; அதையும் நீக்கியாயிற்று. எதிரொலி மைக்கில் விழாதிருக்க, காதை முழுதாக மூடும் ஹெட்போன் வந்தது. விளக்கொளியைவிடப் பகலொளி நன்று என்பதால் ஆட்டம் மாலையிலிருந்து நண்பகலுக்கு மாறியது. வெளிச்சம் முகத்தில் விழ வேண்டும் என்று அக்காவின் மேசையை ஜன்னலைப் பார்க்கத் திருப்பிப் போட்டாள்.

அக்கா தயங்கி நின்றாள். “கதவுக்கு முதுகு காட்டியா உக்காரணும்?”

ஈராண்டுகளாக அவள் எந்த அறையிலும் அப்படி அமர்ந்ததில்லை. தங்கைக்கும் அது தெரியும்.

“கேமரா முழுக்க உன் கதவுதானே தெரியுது? நான் பாத்துக்கிட்டேதானே இருக்கேன். உன் முதுகுல என் கண்ணு.”

“கண்ணு வைக்காத தாயே, இருக்கிற கண்ணே போதும்” என்று சிரித்துக்கொண்டே அக்கா உட்கார்ந்தாள்.

அடுத்த நேரலையில் படம் கண்ணாடிபோல் இருந்தது. பார்ப்பவர்கள் வியந்தார்கள். “ஹாரன் அண்ணன் மூக்குல மச்சம் இருக்கு!” “அது மச்சமில்லப்பா, மிளகாய் விதை” என்று கமெண்டுகள் ஓடின. முகமூடியின் கீறல் தெரிந்தது. அக்கா பகடையைத் தூக்கிக் காட்டியபோது முன்கையின் முண்டும் தெரிந்தது. முகமூடி முகத்தை மறைத்ததேயன்றிக் கையை மறைக்கவில்லை. அடித்தவனுக்குத் தன் கைவேலை தெரியாமற் போகுமா?

சில வாரங்களில் ‘எஃகு’ என்ற பெயரில் ஒரு புதிய இரசிகர் வந்தார். மிகவும் மரியாதை. “படம் அருமை. இவ்வளவு தெளிவ நான் பாத்ததில்ல” என்பார். ஒருநாள், எல்லாரும் அறிந்த மருந்துக்கடை முகவரிக்கு அவரிடமிருந்து ஒரு சிறு பெட்டி வந்தது. எலுமிச்சை அளவில், கைக்குக் கனமாக, இருபது முகமும் கண்ணாடியாக மெருகேற்றிய எஃகுப் பகடை. ‘செங்கோடரிக்கு என் எளிய காணிக்கை’ என்று ஒரு சீட்டு. மருந்துக்கடைக்காரர் அதைத் தங்கையிடம் தந்தார். தங்கை தன் கையாலேயே அக்காவிடம் கொண்டுபோய்க் கொடுத்தாள்.

“என்னடி இது, பகடையா பீரங்கிக் குண்டா?” என்று அக்கா உள்ளங்கையில் உருட்டி மகிழ்ந்தாள். “ஒருத்தன் மண்டையில போட்டா போதும், கோடரியே வேணாம்.”

அதன்பின் எஃகு அடிக்கடி ஒன்றே ஒன்றைத்தான் கேட்டார். “எண் சரியா தெரியல. இன்னும் கிட்ட… கொஞ்சம் இடது பக்கம்… ஆங், நன்றி.” விதிப்படி கேட்கிறார், காட்டினால் என்ன? அக்கா காட்டினாள். பகடையின் தட்டையான முகம் ஒவ்வொன்றும் ஒரு சிறு கண்ணாடி என்பதையோ, கேமராவுக்குப் பின்னால் இருக்கும் ஜன்னலையும் ஜன்னலுக்கு அப்பால் இருப்பதையும் அது அள்ளிக் காட்டும் என்பதையோ நால்வரில் ஒருவரும் எண்ணவில்லை. எலும்பின் மயிரிழை விரிசலைக் கண்டுபிடிக்கும் தங்கையும் எண்ணவில்லை. அவள் எண்ணை மட்டுமே பார்த்தாள்.

அன்று பாலத்துப் போர். மருந்துக்கடைக்காரர் உச்சத்தில் இருந்தார்.

“செங்கோடரி, உங்க கால் வழுக்குது. ஏன்னா, பலகையெல்லாம் குடல். எதிர்ல நிக்கிறவன் ஒருத்தன் தன் தாடைய ஒரு கையில பிடிச்சுக்கிட்டு இன்னொரு கையால ஈட்டி எறியறான்.”

“இவனுக்கு ரெண்டு கையிலயும் வேலை இருக்குப்பா” என்றார் ஹாரன். “ஓவர்டைம் போட்டுக் குடுங்க.”

அக்கா உருட்டினாள். இருபது. எஃகுப் பகடையைத் தூக்கிக் கேமராவுக்கு அருகே பிடித்தாள். “காத்திருந்ததுக்கு நன்றி!” என்றாள். கோடரி தோளில் புகுந்து இடுப்பில் வெளிவந்ததாக மருந்துக்கடைக்காரர் அறிவித்தார். கமெண்டுகள் மழையாய்ப் பொழிந்தன. அந்த மழைக்கு நடுவே ஒன்று தங்கையின் கண்ணில் தைத்தது.

எஃகு எழுதியிருந்தது: “சிவப்புச் சுருள் படிக்கட்டுல வெயில் அழகா விழுது. நேர்ல இன்னும் அழகு.”

தங்கை முதலில் அதை விளையாட்டுக்குள் தேடினாள். அந்த வரைபடத்தில் படிக்கட்டே இல்லை. பிறகுதான் நினைவு வந்தது. சிவப்புச் சுருள் படிக்கட்டு இருந்தது அக்காவின் ஜன்னலுக்கு எதிர்க் கட்டடத்தில். கேமரா பார்ப்பது கதவை. ஜன்னலை அது பார்ப்பதே இல்லை.

பதிவைச் சற்றுப் பின்னால் ஓட்டி, பகடை நின்ற இடத்தில் நிறுத்தி, அதைப் பெரிதாக்கினாள். விரிசலைத் தேடுகையில் எலும்பைப் பெரிதாக்குவதுபோல. எண்ணுக்குப் பக்கத்து முகத்தில் ஒரு ஜன்னல் இருந்தது. ஜன்னலுக்குள் வானம். வானத்தின் குறுக்கே, படிகளை எண்ணிவிடக்கூடிய தெளிவோடு, சிவப்பான ஒரு சுருள். நகரத்தில் எந்தக் கட்டடத்துக்கு எந்த இரும்புப் படி என்று யாருக்குத் தெரியும்? எஃகை இப்படி மெருகேற்ற யாருக்குக் கை வரும்?

கண்ணை எடுத்து அக்காவின் நேரடிப் படத்தைப் பார்த்தாள். முகமூடிக்குப் பின்னே அறை. அறைக்குப் பின்னே கதவு. கதவுக்கும் நிலைக்கும் இடையே மெல்லிய தகடு ஒன்று நுழைந்து, தாழ்ப்பாளை மெதுவாக மேலே தூக்கிக்கொண்டிருந்தது. தாழ்ப்பாளின் திருகாணிகூடத் தெரிந்தது. அவ்வளவு நல்ல படம்.

“அக்கா, பின்னாடி!”

“வரட்டும்டி, வரிசையில நிக்கச் சொல்லு.”

சிரிப்புப் பொம்மைகள் திரையை நிறைத்தன.

“அக்கா, நிஜமா சொல்றேன்! கதவு! கதவத் திறக்கிறான்!”

“ஆமாம், வில்லாளி சொன்னது சரி” என்றார் மருந்துக்கடைக்காரர், தன் கதைக்குக் கிடைத்த எதிர்பாராத திருப்பத்தில் மகிழ்ந்து. “பாலத்துக்குப் பின்னாடி கோட்டைக் கதவு கிர்ர்ன்னு திறக்குது. உள்ளருந்து ஒருத்தன் வரான். கையில இரும்புத் தடி.”

“எத்தன பேரு?” என்று அக்கா வரைபடத்தின் மேல் குனிந்தாள்.

தங்கை இரு கைகளையும் நெஞ்சுக்கு முன் குறுக்கே பிடித்தாள். அக்காவின் கண்கள் வரைபடத்தில் கோட்டைக் கதவைத் தேடிக்கொண்டிருந்தன. காது மூடியிருந்தது. அவளுக்குப் பின்னால், காலணியைக் கழற்றிவிட்டு வந்த மனிதனைப்போல் ஓசையின்றி, அவன் அறையைக் கடந்து வந்தான்.

தடி ஹெட்போனின் இடது பக்கத்தில் இறங்கியது.

அந்த ஓசையை நால்வருடைய மைக்குகளிலும் நல்லதான அக்காவின் மைக், ஒரு சிறு பிசிறும் இல்லாமல் எடுத்துக் கொடுத்தது. உடைந்த பிளாஸ்டிக் காதுக்குள் போயிற்று. அக்கா பக்கவாட்டில் சரிந்தாள். முகமூடி எகிறி மேசைமேல் விழுந்தது.  ஹாரனிடமிருந்து காற்றுகூட வரவில்லை.

கமெண்டுகள் ஓடிக்கொண்டிருந்தன. “அடேங்கப்பா, என்ன நடிப்பு!” “இரத்தம் எப்படிய்யா செஞ்சீங்க?” “படம்னா இது படம்.”

அந்தக் கடைசி வரியைப் படித்த கணத்தில் தங்கை அக்காவின் படத்தை ஒளிபரப்பிலிருந்து அணைத்தாள். தன் முகத்தை முழுத் திரைக்கும் கொண்டுவந்தாள். குறுக்குக் கை பிடித்தாள். ஆயிரமாயிரம் திரைகளில் அந்தக் குறி மட்டும் நின்றது.

“இது ஆட்டமில்ல. எங்க அக்காவக் கொல்றான். யாராவது பக்கத்துல இருந்தா ஓடுங்க.” பிறகு, ஈராண்டுகளாகத் தாயிடம்கூடச் சொல்லாத முகவரியை, தெரு, கட்டடம், மூன்றாவது மாடி என்று கடைசிச் சொல்வரை ஊர் கேட்கச் சொன்னாள். அந்த வீடு அத்துடன் முடிந்தது. அவன் உள்ளே வந்தபோதே முடிந்திருந்தது.

கமெண்டுகள் நின்றன. வெறும் திரை. பிறகு ஒரு வரி: “ரெண்டு தெரு தள்ளி பார்சல் குடுத்துட்டிருக்கேன். வரேன்.”

மருந்துக்கடைக்காரர் காவல்துறையை அழைத்துக்கொண்டிருந்தார். தங்கை குறுக்குக் கையை இறக்கவில்லை. பார்ப்பவர்களுக்கு அவள் மட்டுமே தெரிந்தாள். அவளுக்கோ திரையின் ஓரத்தில் அக்காவின் அறை முழுவதும் தெரிந்தது.

அவன் மேசைப் பக்கம் குனிந்து, கேமராவை அக்கா விழுந்த இடத்துக்குத் திருப்பினான். “என்னடி மச்சினி, தெளிவாத் தெரியுதா? பாத்துக்கிட்டே இரு. உனக்குப் படம்தான முக்கியம்?”

அக்கா வலக்கையை ஊன்றி எழ முயன்றாள். பகடை உருட்டும் கை. அவன் அதன்மேல் காலை வைத்து, சிகரெட்டை அணைப்பதுபோல் திருகினான். பிறகு தடியின் முனையை விரல்கள்மேல் இரண்டு முறை இறக்கினான். எந்த எலும்பு, எந்த இடத்தில் என்று தங்கைக்குத் தெரிந்தது. அந்த அறிவை அவள் அன்று வெறுத்தாள்.

“மூணு மாசம் உக்காந்து மெருகு போட்டேன்டி அந்தப் பகடைக்கு. எங்க அது? காட்டு. எல்லார்க்கும் காட்டுவியே, எனக்குக் காட்டு.”

அது மேசைக்கடியில் அக்காவின் இடக்கைக்கு அருகே கிடந்தது.

அவன் அவள் தலைமுடியைப் பற்றி முகத்தைத் தூக்கினான். தூக்கிய வேகத்திலேயே அவள் இடக்கையும் எழுந்தது. எஃகு அவன் வலக்கண்ணில் பதிந்தது. அவன் அலறினான், முடியை விடவில்லை. அவள் மறுபடி அடித்தாள். மறுபடியும். இருவரும் மேசையோடு சாய்ந்தார்கள். கேமரா தரையில் விழுந்து, அறை பக்கவாட்டில் சாய்ந்துகிடக்க, அக்கா அவன் மார்பின்மேல் ஏறியமர்ந்திருப்பது தெரிந்தது. தடி அவன் கைக்கு எட்டாத தூரத்தில் உருண்டிருந்தது. அவன் கைகளால் முகத்தை மூடினான். அவள் கைகளின் மேலேயே அடித்தாள். மாவில் கல்லெறியும் ஓசை. மருந்துக்கடைக்காரர் இத்தனை ஆண்டுகள் விவரித்த எந்தச் சாவிலும் அந்த ஓசை வந்ததில்லை.

“ஐயோ, போதும்…” என்றான் அவன். அத்தான் அந்தச் சொல்லை உச்சரித்துத் தங்கை கேட்டது அதுவே முதல்முறை.

அக்கா பகடையைத் தலைக்குமேல் தூக்கினாள். இதுவரை விழுந்தவை கண்ணிலும் கன்னத்திலும் விழுந்தவை. இது நெற்றிப்பொட்டுக்கு. உயரம், கனம், கோணம் மூன்றையும் தங்கை பார்த்தாள். அது விழுந்தால் அவன் எழ மாட்டான்.

அப்போது அக்காவின் கண் திரையில் பட்டது. சாய்ந்த மேசையிலிருந்து நழுவிச் சுவரோரம் நின்றுவிட்ட அவளுடைய கணினித் திரையில் ஒளிபரப்பு ஓடிக்கொண்டிருந்தது. முழுத் திரைக்கும் தங்கை. நெஞ்சுக்கு முன்னே குறுக்குக் கை.

அக்காவின் கை அந்தரத்தில் நின்றது.

தங்கை அந்தக் குறியை ஊராருக்காகப் பிடித்திருந்தாள்; அக்காவை நிறுத்துவதற்காக அன்று. அது அவளுக்கும் தெரியும். கைகளை இறக்க ஒரு கணம் போதும். இறக்கினால் அக்கா அடிப்பாள். அவன் என்றைக்கும் எந்த ஜன்னலையும் தேடி வரமாட்டான். தோள்கள் வலித்தன, இறக்கு, இறக்கு என்று அவை கெஞ்சின. தங்கை அக்காவின் முகத்தைப் பார்த்தாள். காதிலிருந்து வழிந்த இரத்தம் கழுத்துவரை இறங்கியிருந்தது. அந்த முகத்தில் செங்கோடரி இல்லை. ‘என்ன செய்யட்டும், சொல்லு’ என்று கேட்கும் ஒரு மனுஷி இருந்தாள்.

தங்கை கைகளை இறக்கவில்லை.

அக்கா பகடையை மெல்லத் தரையில் வைத்தாள். சுவரோரம் நகர்ந்து, கதவைப் பார்க்கும்படி முதுகைச் சுவரில் சாய்த்து அமர்ந்தாள்.

பார்சல்காரர் மூச்சிரைக்க உள்ளே வந்தபோது, கண்ணில்லாத பக்கம் திரும்பித் தடியைத் தேடிக்கொண்டிருந்தான் அவன். தடி கிடைத்த கணத்தில் வீசினான். அது பார்சல்காரரின் வாயில் பட்டது. அவர் விழவில்லை. நாள்தோறும் பெட்டி தூக்கும் மனிதர். அவனைக் கவிழ்த்து முதுகில் அமர்ந்துவிட்டார். பிறகு வாயைப் பொத்தியபடி அக்காவைப் பார்த்து, “நான் உங்களோட பெரிய இரசிகன்ங்க” என்றார். காவலர் வரும்வரை அவன் முதுகிலிருந்து எழவில்லை.

மருத்துவமனையில் மூன்றாம் நாள் அக்காவுக்குத் தெளிவு வந்தது. கட்டிலைக் கதவைப் பார்க்கத் திருப்பிப் போடச் சொன்னாள். திருப்பிப் போட்டார்கள். தங்கை இடது பக்கம் அமர்ந்து வெகுநேரம் தலைகுனிந்து பேசினாள். கேமராவைப் பற்றி, ஜன்னலைப் பற்றி, உன் முதுகில் என் கண் என்று சொன்னதைப் பற்றி.

அக்கா எல்லாம் முடிந்தபின் தலையைத் திருப்பினாள். “மன்னிக்கணும். லைன் சரியில்ல. அந்தப் பக்கம் வந்து மறுபடி சொல்லுங்க.”

தங்கை வலது பக்கம் வந்தாள். ஆனால் மறுபடி சொல்ல வாய் வரவில்லை.

“கையை ஏன்டி இறக்கல?” என்றாள் அக்கா.

“தெரியல.”

“நானும் ஏன் நிறுத்தினேன்னு தெரியல. மேசை விதி, அவ்வளவுதான்.” பிறகு, “வெளிய வந்தா மறுபடி தேடுவான்” என்றாள்.

“தேடுவான்.”

“ஒத்தக் கண்ணோட.” அக்கா சிரிக்கப் பார்த்தாள்; தையல் இழுத்தது. “ஆபீஸ்ல ஒரு காது ஹெட்போன் குடுக்கிறாங்களாம். இனி பாதி வசவுதான் கேக்கும்.”

இழந்தவை பின்வருமாறு. அக்காவுக்கு இடது காதின் கேட்கும் சக்தி, வலக்கையில் இரண்டு விரல்கள், ஒளிந்திருந்த வீடு. பார்சல்காரருக்கு முன்பற்கள் மூன்று. அவனுக்கு வலக்கண். மருந்துக்கடைக்காரருக்கு, சாவை விவரிக்கும் திறன். அதன்பின் அவர் ஒருவரையும் கதையில் கொல்லவில்லை. நேரலை மூடப்பட்டது. எஃகுப் பகடை காவல் நிலையத்தில் உள்ளது. தங்கைக்கு ஒரு வாக்கியம்: “அக்கா, பின்னாடி.” அதை அவள் பிறகு எந்தக் காரணத்துக்காகவும் சொன்னதில்லை.